எனத்தில் தானாக விழும் எண்: வரிசையா, அடையாளமா?

பெங்களூரு நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் முதல் துண்டு 2011 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டபோது அதில் ஆறு நிலையங்களே இருந்தன: பையப்பனஹள்ளி, சுவாமி விவேகானந்தா சாலை, இந்திராநகர், ஹலசூரு, டிரினிட்டி, எம்.ஜி. ரோடு. அல்சூரில் குடியிருக்கும் ஒரு தமிழ் நிரலாளர், தாம் எந்த நாளில் எங்கே ஏறி எங்கே இறங்கினோம் என்று குறித்துவைக்கும் சிறு செயலி ஒன்றை அப்போது எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆறு பெயர்களையும் அவர் ஓர் எனமாக (enum: ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் நிற்கும் பெயர்ப் பட்டியல்), வழித்தடத்தில் வரும் வரிசையிலேயே எழுதியிருப்பார். எந்தப் பெயருக்கும் எண் கொடுத்திருக்க மாட்டார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பையப்பனஹள்ளிக்கு 0 என்று தொடங்கி எம்.ஜி. ரோடுக்கு 5 என்று முடித்திருக்கும். செயலி தன் கோப்பில் எழுதிவைப்பது அந்த எண்களைத்தான். இந்த வழித்தடம் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்த விதம், எனத்தின் உறுப்புகளுக்குத் தானாக எண் விழுவதால் வரும் வசதியையும் வம்பையும் ஒருசேரக் காட்டுவதால், கட்டுரை நெடுகிலும் இதையே உதாரணமாகக் கொள்கிறேன். மெட்ரோ நிர்வாகத்தின் சொந்த மென்பொருள் நிலையங்களை எப்படிக் குறிக்கிறது என்பதற்கும் இந்தக் கற்பனைச் செயலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எனம் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் என்ற நிரல்மொழி. அதில் பெயர்களை அடைப்புக்குள் வரிசையாக எழுதினால் போதும். அந்த வரிசையே அவற்றின் பொருள். அடுத்தது எது, முந்தையது எது, எத்தனையாவது என்று கேட்பதற்கு மொழியிலேயே தனித்தனிச் செயற்கூறுகள் இருந்தன. எத்தனையாவது என்ற கேள்விக்கு விடை 0இலிருந்து தொடங்கியது. ஓர் உறுப்புக்கு நாமாக 40 என்றோ 100 என்றோ எண் கொடுக்கும் வழியை விர்த் வைக்கவில்லை. எனத்தை எண்ணாகப் பார்ப்பதற்குப் பதிலாக, வரிசைப்படுத்தப்பட்ட பெயர்களாகவே அவர் பார்த்தார் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

சி மொழி வேறு வழியில் போயிற்று. எனம் அம்மொழியில் பின்னால்தான் வந்து சேர்ந்தது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலையில் அதன் விதிகள் உறுதியாயின. முதல் உறுப்புக்கு எண் கொடுக்காவிட்டால் 0. மற்ற எந்த உறுப்புக்குக் கொடுக்காவிட்டாலும் அதற்கு முந்தைய உறுப்பின் மதிப்போடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் எங்காவது கையால் ஒரு மதிப்பைக் கொடுத்தால் எண்ணிக்கை அங்கிருந்து தொடரும். அப்படிக் கிடைத்த பெயர் ஒவ்வொன்றும் சாதாரண முழு எண். அதைக் கூட்டலாம், கழிக்கலாம், கோப்பில் எழுதலாம், கம்பி வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பலாம், கம்பைலர் தடுக்காது. பாஸ்கலில் வரிசையாக மட்டும் இருந்த ஒன்று சி மொழியில் வரிசையாகவும் அடையாளமாகவும் ஆனது இந்த இடத்தில்தான். இன்று வரை தொடரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரட்டை வேடத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு.

வசதி எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது சாதாரண வசதி அல்ல. எண்கள் 0இலிருந்து இடைவெளி இல்லாமல் போகும்போது எனத்தையே ஓர் அணியின் (array: மதிப்புகளை 0, 1, 2 என்று அடுக்கிய தொகுப்பு) சுட்டெண்ணாக, அதாவது இட எண்ணாகப் பயன்படுத்தலாம். நிலையப் பெயர்களை ஓர் அணியிலும் நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரங்களை இன்னோர் அணியிலும் வைத்து, தேடல் எதுவும் இல்லாமல் நேரே எடுக்கலாம். சி நிரலாளர்கள் பட்டியலின் கடைசியில் ‘மொத்தம்’ என்ற பொருளில் ஓர் உறுப்பைச் சேர்த்துவிடுவார்கள். அதற்கு விழும் எண் தானாகவே மொத்த உறுப்புகளின் எண்ணிக்கையாக இருக்கும். புது உறுப்பு ஒன்றை அதற்கு முன்னால் சேர்த்தால் எண்ணிக்கையும் தானே கூடும், அணிகளின் அளவும் தானே வளரும். உறுப்புவாரியாகப் பிரிந்து செல்லும் நிரலை, நெருக்கமான எண்கள் இருந்தால், கம்பைலர் ஒரே தாவலில் உரிய இடத்துக்குப் போகும் அட்டவணையாக மாற்றிவிடும். ஜாவாவில் எனங்களுக்கென்றே உள்ள கணம் (set), உறுப்புகள் 64க்கு மேற்படாதவரை, ஒரே ஒரு 64 பிட் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் ஒரு பிட்டின் இடம். இன்று 37 நிலையங்கள் உள்ள ஊதா வழித்தடம் முழுவதும் அப்படி ஒரே எண்ணுக்குள் உட்காரும். கையால் எண் எழுதியிருந்தால், ஒன்று விடுபட்டதா, ஒன்று இரட்டித்ததா என்று ஒவ்வொரு முறையும் விரல்விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

தொடக்க எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் மொழிகள் ஒத்துப்போகவில்லை. சி, சி ஷார்ப், ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவை 0இலிருந்து தொடங்குகின்றன. ஸ்விஃப்டும் முழு எண் மதிப்பு கேட்டால் 0இலிருந்தே கொடுக்கிறது. பைத்தானில் எனம் 2014இல் வெளியான 3.4 பதிப்பில் வந்தது. மதிப்பைத் தானாகப் போடச் சொல்லும் ‘ஆட்டோ’ 2016இன் இறுதியில் 3.6 பதிப்பில் சேர்ந்தது. அது 1இலிருந்து தொடங்குகிறது. பைத்தானில் 0 பொய்க்குச் சமம் என்பதால், எனத்தின் முதல் உறுப்பு மட்டும் பொய்போல் நடந்துகொள்ளும் வாய்ப்பை ஒதுக்கிவைக்க அதன் வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள். கோ மொழியில் எனம் என்று தனியாக எதுவும் கிடையாது. மாறிலிகளின் தொகுதி ஒன்றுக்குள் ‘அயோட்டா’ என்ற பெயர் ஒவ்வொரு மாறிலி வரிக்கும் 0, 1, 2 என்று தானே ஏறிக்கொண்டு போகும், அடுத்த தொகுதியில் மறுபடி 0க்குத் திரும்பும்.

இந்த 0 கவனிக்க வேண்டிய எண். கோ மொழியிலும் சி ஷார்ப்பிலும் மதிப்பு கொடுக்கப்படாத மாறியில் இருப்பது 0. நம் செயலியில் இறங்கிய இடத்தைக் குறிக்க மறந்தால், அது குறிக்கப்படாத பயணமாகத் தெரியாது. பையப்பனஹள்ளியில் இறங்கிய பயணமாகத் தெரியும். கோ எழுதுபவர்கள் பலர் அயோட்டாவோடு ஒன்று கூட்டித் தொடங்குவதும், வேறு சிலர் முதல் உறுப்பை ‘தெரியவில்லை’ என்று வைத்துவிடுவதும் இதனால்தான். மையெஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் எனம் வகைப் பத்தியின் (column) எண்கள் 1இலிருந்து தொடங்குகின்றன. 0 என்ற இடம், பட்டியலில் இல்லாத மதிப்பை யாரேனும் திணித்தால் விழும் வெற்றுச்சரத்துக்கு (எழுத்தே இல்லாத உரைக்கு) ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வழித்தடத்துக்குத் திரும்புவோம். 2015 நவம்பரில் நகரின் மேற்கே, பழைய துண்டோடு சேராமல், மாகடி ரோடு முதல் மைசூர் ரோடு வரை ஆறு நிலையங்கள் திறக்கப்பட்டன. நம் நிரலாளர் அவற்றைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறார்: மாகடி ரோடு 6, ஹொசஹள்ளி 7, விஜயநகர் 8, அத்திகுப்பே 9, தீபாஞ்சலி நகர் 10, மைசூர் ரோடு 11. பழைய எண் எதுவும் அசையவில்லை. 2016 ஏப்ரலில் நடுவிலுள்ள சுரங்கப் பகுதி திறக்கப்படுகிறது. கப்பன் பார்க், விதான சௌதா, விஸ்வேஸ்வரய்யா, மெஜஸ்டிக், நகர ரயில் நிலையம் ஆகிய ஐந்தும் எம்.ஜி. ரோடுக்கும் மாகடி ரோடுக்கும் இடையே வருகின்றன. பட்டியல் வழித்தடத்தின் வரிசையில் இருந்தால்தான் இரண்டு நிலையங்களுக்கு இடையே எத்தனை நிறுத்தங்கள் என்பதைக் கழித்தல் ஒன்றினால் கண்டுபிடிக்க முடியும். எனவே ஐந்தையும் அவர் உரிய இடத்தில், நடுவில் செருகுகிறார். கம்பைலர் முகம் சுளிக்காமல் கப்பன் பார்க்குக்கு 6 கொடுக்கிறது, மாகடி ரோடு 11க்குப் போகிறது, மைசூர் ரோடு 16 ஆகிறது.

கோப்பில் இருக்கும் பழைய பதிவுகள் மாறவில்லை. ஜனவரியில் எழுதப்பட்ட ‘6இல் ஏறி 11இல் இறங்கினேன்’ என்ற பதிவு, எழுதியபோது மாகடி ரோடிலிருந்து மைசூர் ரோடு வரை சென்ற பயணம். இப்போது அதே பதிவைத் திறந்தால் கப்பன் பார்க்கில் ஏறி மாகடி ரோடில் இறங்கியதாகக் காட்டுகிறது, அதாவது ஜனவரியில் இன்னும் திறக்கப்படாத நிலையத்தில் ஏறியிருக்கிறார். இதில் மோசமான பகுதி வேறொன்று: 0 முதல் 5 வரையிலான எண்கள் அப்படியே இருப்பதால், இந்திராநகரும் ஹலசூருவும் வரும் பதிவுகள் எல்லாம் சரியாகவே தெரியும். கிழக்குப் பக்கம் மட்டும் போய்வருபவருக்கு எந்தப் பிழையும் கண்ணில் படாது. நிரல் நின்றுபோகவில்லை, பிழைச்செய்தி வரவில்லை; எல்லா எண்களும் எனத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

“அண்ணா, நடுவுல அஞ்சு வரிதானே சேர்த்தேன், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே” என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டால், அவர் சொல்வது உண்மைதான். சோதனை நிரல் ஒரு பயணத்தை எழுதி, உடனே அதைப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கிறது. எழுதுவதும் படிப்பதும் ஒரே பதிப்பின் எண்களைக் கொண்டே நடப்பதால் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும். நேற்றைய பதிப்பு எழுதியதை இன்றைய பதிப்பு படிக்கும் இடத்தில்தான் எண்கள் பிசகுகின்றன; அந்த இடத்தைச் சோதனை தொடுவதே இல்லை. நிரலைப் பார்வையிடும் மூத்தவருக்கும் திரையில் தெரிவது ஐந்து புது வரிகள் மட்டுமே. நீக்கப்பட்டது எதுவும் இல்லை, மாற்றப்பட்டது எதுவும் இல்லை. கீழே உள்ள ஆறு வரிகளின் மதிப்பு மாறியிருப்பதை எந்த நிறமும் காட்டாது.

இதே விளைவை இன்னும் அப்பாவியான காரியங்களும் உண்டாக்கும். பட்டியல் பார்க்க ஒழுங்காக இல்லை என்று யாரோ ஒருவர் அதை அகரவரிசைப்படுத்துகிறார். இனித் தேவையில்லை என்று ஓர் உறுப்பை ஒருவர் நீக்குகிறார். அல்லது இருவர் தனித்தனிக் கிளைகளில் (நிரலின் தனித்தனி நகல்களில்) வேலை செய்து, ஆளுக்கொரு புது உறுப்பைக் கடைசியில் சேர்க்கிறார்கள். இருவருக்கும் அவரவர் கணினியில் 17 என்று விழுகிறது, இருவரும் அந்த 17ஐக் கொண்டு சோதனைத் தரவுகளை நிரப்புகிறார்கள், கிளைகள் இணைந்த பிறகு ஒருவருடையது 18 ஆகிவிடுகிறது. ‘எப்போதும் கடைசியில் சேர்’ என்ற விதி நல்ல விதிதான். ஆனால் அது நிரலில் எங்கும் எழுதப்படாத விதி. குழுவில் பழையவர்கள் வேலை மாறிப் போகும்போது, அதுவும் பெங்களூரில் வேலை மாறும் வேகத்தில், விதியும் அவர்களோடு போய்விடுகிறது.

ஊதா வழித்தடத்தில் கடைசியில் சேர்ப்பதற்கான வாய்ப்பு மறுபடியும் ஒருமுறை தானே வந்தது. 2021 ஆகஸ்டில் மைசூர் ரோடுக்கு மேற்கே கெங்கேரி வரை ஆறு நிலையங்கள் நீண்டபோது அவை 17 முதல் 22 வரை அமைதியாக உட்கார்ந்துகொண்டன. 2023 மார்ச்சில் மறுமுனை நீண்டது: ஒயிட்ஃபீல்டு முதல் கிருஷ்ணராஜபுரம் வரை பன்னிரண்டு நிலையங்கள். அதே ஆண்டு அக்டோபரில் கிருஷ்ணராஜபுரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் நடுவே பென்னிகானஹள்ளி வந்து வழித்தடம் தொடர்ச்சியானது. பதின்மூன்றும் பழைய 0க்கு முன்னால் வருகின்றன. இம்முறை எந்தப் பதிவும் தப்பவில்லை. ஹலசூருவைக் குறித்த 3 இப்போது பட்டந்தூர் அக்ரஹாரம்; இந்திராநகரைக் குறித்த 2 இப்போது காடுகோடி ட்ரீ பார்க்.

வளர்ந்துகொண்டே போகும் நிலையப் பட்டியலை எனமாக எழுதுவதே தவறு, அதை அட்டவணையில் வைக்க வேண்டும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் ஆர்டரின் நிலை, பணம் செலுத்தும் முறை, பிழையின் வகை, பயனரின் உரிமை என்று நாம் எனமாக எழுதும் எல்லாவற்றையும் எழுதும் நாளில் ‘இது இனி வளராது’ என்றுதான் நினைக்கிறோம். பொருள் விற்கும் செயலியில் ‘அனுப்பப்பட்டது’, ‘சேர்ந்தது’ என்ற இரண்டுக்கும் நடுவே ‘கிளம்பிவிட்டது’ என்று ஒரு நிலை தேவைப்படாமல் எத்தனை ஆண்டு ஓடும்?

ஜாவாவின் கதை இந்த இடத்தில் ஆராயத்தக்கது, ஏனெனில் ஒரே மொழியின் சூழலுக்குள் எச்சரிக்கையும் அலட்சியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 2004இல் வெளிவந்த ஜாவா 5 எனத்தை முழு வகுப்பாகவே கொண்டுவந்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் வரிசை எண் உண்டு; ஆனால் அதைத் தரும் செயற்கூறு பெரும்பாலான நிரலாளர்களுக்குப் பயன்படாது, எனங்களுக்கான கணம், வரைபடம் (map) போன்ற உள்கட்டமைப்புகளுக்காகவே அது இருக்கிறது என்று அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. ஜாவா ஒரு பொருளை பைட்டுகளாக்கிச் சேமிக்கும்போது எனத்தின் வரிசை எண்ணை எழுதுவதில்லை, பெயரை எழுதுகிறது. எனத்தைக் கொண்டு கிளை பிரியும் நிரலைத் தொகுக்கும்போதும் கம்பைலர் வரிசை எண்களை அங்கேயே பொறித்துவிடுவதில்லை. நிரல் ஓடும்போது அப்போதைய வரிசை எண்களைக் கேட்டு நிரப்பிக்கொள்ளும் ஒரு சிறு அட்டவணையைச் செய்துவைக்கிறது. எனம் ஒரு கோப்பிலும் அதைப் பயன்படுத்தும் நிரல் இன்னொரு கோப்பிலும் இருந்து ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டாலும் கிளை தவறாது. இவ்வளவு முன்ஜாக்கிரதையோடு வடிவமைத்த மொழியின் மேல், தரவுத்தளத்தோடு பேசுவதற்கென்று 2006இல் வந்த ஜேபிஏ தரநிலை, எனத்தைப் பத்தியில் சேமிக்க இயல்பான வழியாகத் தேர்ந்தெடுத்தது வரிசை எண்ணையே. பெயராகச் சேமிக்க வேண்டுமானால் நிரலாளர் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டவர்களின் தரவுத்தளங்களில் எண்கள் குவிந்தன.

தரவுத்தளங்கள் தங்களுக்குள்ளேயே எனம் வைத்துக்கொள்ளும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தால், வரிசையையும் அடையாளத்தையும் பிரிப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது புரியும். மையெஸ்கியூஎல் பட்டியலில் உள்ள இட எண்ணையே சேமிக்கிறது. கடைசியில் ஒன்றைச் சேர்த்தால் வேலை சுலபத்தில் முடியும். நடுவில் சேர்த்தால் இருக்கும் பதிவுகளுக்கெல்லாம் எண் மாற வேண்டும் என்பதால் அட்டவணை முழுவதையும் நகலெடுத்து மாற்றுகிறது. தரவு கெடாது, ஆனால் பெரிய அட்டவணையானால் காத்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் வேறு விதம். அது ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அடையாள எண்ணைத் தனியாகவும், வரிசையைக் காட்டும் எண்ணைத் தனியாகவும் வைத்திருக்கிறது. அட்டவணையில் சேமிக்கப்படுவது அடையாள எண் மட்டுமே. வரிசை எண் தசமப் புள்ளியுள்ள எண். 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து, ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்புக்கு முன்னாலோ பின்னாலோ புதியதைச் செருகலாம். எம்.ஜி. ரோடு 6, மாகடி ரோடு 7 என்று இருந்தால் (அங்கே எண்ணிக்கை 1இலிருந்து) கப்பன் பார்க் 6.5 ஆகும், அதன் பின் விதான சௌதா 6.75 ஆகும். பையப்பனஹள்ளிக்கு முன்னால் பென்னிகானஹள்ளி 0 ஆகும், அதற்கும் முன்னால் கிருஷ்ணராஜபுரம் கழித்தல் 1 ஆகும். பழைய பதிவு எதையும் தொட வேண்டியதில்லை. புள்ளிக்குப் பின்னால் இடம் தீர்ந்துபோகும் அளவுக்குச் செருகினால் வரிசை எண்கள் மட்டும் புதிதாகப் போடப்படும். அடையாளம் அப்போதும் மாறாது. பாஸ்கலில் ஒன்றாக இருந்து சி மொழியில் குழம்பிய இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1983ஆம் ஆண்டின் ஏடா மொழி அதற்கு அருகில் வருகிறது: அங்கே உறுப்பின் இடம் ஒன்று, நினைவகத்தில் அதைக் குறிக்கும் எண் வேறொன்று என்று நிரலாளரே எழுதலாம், எண்களை எப்படி அமைத்தாலும் இடம் 0, 1, 2 என்றே இருக்கும்.

கோப்பும் தரவுத்தளமும் மட்டுமல்ல, நிரலின் இன்னொரு துண்டும் வெளியுலகம்தான். சி மொழியில் எனம், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தலைப்புக் கோப்பில் (header) இருக்கும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலிலும் தொகுக்கும் நேரத்திலேயே எண்கள் பதிந்துவிடும். நூலகத்தை மட்டும் புதுப்பித்து நிரலைப் புதுப்பிக்காவிட்டால், ஒருவர் 6 என்று சொல்லி மாகடி ரோடை நினைப்பார், மற்றவர் அதைக் கப்பன் பார்க் என்று கேட்பார். சி ஷார்ப்பிலும் நிலைமை இதுவே. டைப்ஸ்கிரிப்ட்டில் மாறிலி எனம் என்ற வகையைப் பயன்படுத்தினால், தொகுக்கும்போது ஒரு பதிப்பின் எண்களும் ஓடும்போது வேறு பதிப்பின் எண்களும் கலந்துவிடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் பயனர் நிரல்களுக்குத் தெரியும் தலைப்புக் கோப்புகளில் எண் இல்லாத எனங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றில் முதல் இடத்தை ‘குறிப்பிடப்படவில்லை’ என்பதற்குக் கொடுத்துவிட்டு, புதியவற்றைக் கடைசியில், உச்ச எண்ணைக் கணக்கிடும் உறுப்புக்குச் சற்று முன்னால் சேர்ப்பார்கள். தானாக எண் விழுவது அங்கே பல்லாண்டுகளாகப் பழுதில்லாமல் நடக்கிறதென்றால், அதற்குக் காரணம் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் பராமரிப்பாளர்கள்.

கையால் போட்ட எண்ணையும் தானாக விழும் எண்ணையும் ஒரே எனத்தில் கலந்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. சி மொழியில் முதல் உறுப்புக்கு 5 கொடுத்து, இரண்டாவதை விட்டுவிட்டு, மூன்றாவதுக்கும் 5 கொடுத்து, நான்காவதை விட்டுவிட்டால், இரண்டாவதும் நான்காவதும் 6 ஆகிவிடும். சி அதைக் குற்றமாகக் கருதாது. ரஸ்ட் மொழியில் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே எண் விழுந்தால் நிரல் தொகுபடாது. பைத்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒரே மதிப்புள்ள இரண்டாவது பெயர், முதல் பெயருக்கு மாற்றுப்பெயர் ஆகிவிடும். பலகையில் உள்ள ஹலசூருவுக்கும் நம்மவர் வாயில் வழங்கும் அல்சூருக்கும் ஒரே எண்ணை வேண்டுமென்றே கொடுப்பவருக்கு இது நல்ல வசதி. தெரியாமல் மோதிக்கொண்ட எண்களுக்கோ இது ஓர் உறுப்பே காணாமல் போவதற்குச் சமம். பட்டியலை வரிசையாக எடுத்தால் மாற்றுப்பெயர் அதில் வராது. இரட்டிப்பைத் தடுக்கும் அலங்கரிப்பான் (எனத்துக்கு மேலே எழுதும் குறிப்பு) அங்கே உண்டு, ஆனால் அதை நாம்தான் போட வேண்டும்.

பைத்தானின் ‘ஆட்டோ’ விதியே ஒருமுறை மாறியிருக்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. பழைய விதிப்படி அது கடைசியாக எழுதப்பட்ட மதிப்போடு ஒன்று கூட்டியது. 10, பிறகு ஆட்டோ, பிறகு 5, பிறகு ஆட்டோ என்று எழுதினால் 10, 11, 5, 6 என்று கிடைத்தது. 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பிலிருந்து அது இதுவரை உள்ளவற்றில் மிகப் பெரிய மதிப்போடு ஒன்று கூட்டுகிறது; அதே நான்கு வரிகள் இப்போது 10, 11, 5, 12 என்று ஆகும். புதிய விதி மோதலைத் தவிர்ப்பதால் மேலானது. 3.11, 3.12 பதிப்புகள் இதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தும் வந்தன. ஆயினும், அந்த நான்காவது உறுப்பின் எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதிவைத்தவருக்கு, நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், மொழியின் பதிப்பை உயர்த்திய ஒரே காரணத்தால் பொருள் மாறிவிட்டது.

பல உறுப்புகளைச் சேர்த்துக் குறிக்கும் கொடி எனங்களில் 0, 1, 2, 3 என்ற வரிசை அடிப்படையிலேயே பொருந்தாது. ஒரு நிலையத்தின் வசதிகளாக லிஃப்ட், கழிப்பறை, வாகன நிறுத்தம், பாலூட்டும் அறை என்று எழுதி எண்ணைத் தானாக விழவிட்டால், கழிப்பறையும் (1) வாகன நிறுத்தமும் (2) உள்ள நிலையம் 3 ஆகி, பாலூட்டும் அறை உள்ள நிலையமாகத் தெரியும். லிஃப்ட் 0 என்பதால் அது இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கவே முடியாது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போக வேண்டும். சி ஷார்ப்பில் ‘இது கொடி எனம்’ என்று மேலே குறிப்பு எழுதிவிட்டால் எண்களும் அப்படி மாறிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. குறிப்பு எண்களைத் தொடுவதில்லை. பைத்தானின் கொடி வகையில் ‘ஆட்டோ’ தானாகவே அடுத்த இரட்டிப்பைத் தருகிறது. கோ மொழியில் 1ஐ அயோட்டா அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தும் ஒரு வரியை எழுதினால் பின்வரும் வரிகள் அதையே பின்பற்றிக்கொள்ளும்.

தானாக எண் போடுவதையே மறுத்த வடிவமைப்புகளும் இருக்கின்றன. கூகுளின் புரோட்டோகால் பஃபர் மொழியில் எனத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணைக் கையால் எழுதியே ஆக வேண்டும். அதன் மூன்றாம் பதிப்பில் முதல் உறுப்பு 0 ஆக இருக்க வேண்டும். நீக்கிய உறுப்பின் எண்ணை வேறு யாரும் பின்னாளில் எடுத்துக்கொள்ளாதபடி ‘ஒதுக்கப்பட்டது’ என்று எழுதிவைக்கலாம். வேறு கணினியோடு பேசுவதற்கென்றே பிறந்த மொழி அது என்பதால் இந்தக் கண்டிப்பு இயல்பானது. 2021இல் பிஹெச்பி 8.1 எனத்தைக் கொண்டுவந்தபோதும், சேமிக்கத்தக்க மதிப்பு வேண்டுமானால் ஒவ்வொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும், தொடர் எண் தானாகக் கிடைக்காது என்று முடிவெடுத்தார்கள். நேரம் கடந்து வந்த மொழிக்கு, முன்னே போனவர்கள் இடறிய கற்கள் தெரிந்திருக்கும்.

எண்ணுக்குப் பதில் பெயரையே மதிப்பாக வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கு மொழிகளும் இடம் கொடுத்திருக்கின்றன. ஸ்விஃப்டில் சரமாக மதிப்பு கேட்டால் உறுப்பின் பெயரே மதிப்பாகிறது, பைத்தான் 3.11இன் சர எனத்தில் ‘ஆட்டோ’ பெயரின் சிறிய எழுத்து வடிவத்தைத் தருகிறது. நடுவில் செருகுவதும் அகரவரிசைப்படுத்துவதும் இதைப் பாதிக்காது. பாதிப்பது பெயர் மாற்றம். 2014 நவம்பரில் பெங்களூரும் மைசூரும் ஆங்கிலத்திலும் பெங்களூரு, மைசூரு ஆயின. நகர ரயில் நிலையத்துக்கு சங்கொள்ளி ராயண்ணா பெயர் வந்தது. விதான சௌதா நிலையத்தின் பெயரில் அம்பேத்கர் சேர்ந்தார். நிரலில் உள்ள பெயரையும் இதற்கேற்ப மாற்ற யாருக்காவது கை துறுதுறுக்கும். மாற்றிய நிமிடத்தில் பழைய பதிவுகள் படிக்க முடியாமல் போகும். ஆனால் இங்கே நிரல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். தவறான விடையை உரிய விடைபோல் காட்டுவதைவிட நின்றுவிடுவது எத்தனையோ மேல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சரத்தையே எடுப்பேன்.

நிரலுக்குள்ளேயே பிறந்து, நிரல் முடியும்போது மறையும் எனங்களுக்கு, அதாவது பகுப்பியின் (parser) நிலைகள், விளையாட்டின் திரைகள், அணியின் சுட்டெண்கள் போன்றவற்றுக்குக் கையால் எண் எழுதுவது வீண் வேலை. அங்கே தானாக விழுவதே சரி. வெளியே போகும் எனத்துக்கு எண்ணைக் கையால் எழுதி, பெயருக்கு எதிரே எண் என்று ஒரு பட்டியலைச் சோதனை நிரலில் இன்னொருமுறை எழுதிவைத்தால் போதும். யாராவது வரிசையைக் கலைத்தால் அந்தச் சோதனை முதலில் விழும். கோ மொழியில் எனத்தின் பெயர்களைச் சரமாக்கும் ‘ஸ்ட்ரிங்கர்’ என்ற கருவி இந்த வேலையில் ஒரு பகுதியைக் கேட்காமலே செய்துவிடுகிறது. அது உருவாக்கும் நிரலில் ஒவ்வோர் உறுப்பின் அப்போதைய மதிப்பையும் பயன்படுத்தி ஒரு வெற்றுக் கணக்கு எழுதியிருக்கும். பிற்பாடு மதிப்பு மாறினால் கணக்கு தவறி, நிரல் தொகுபடாமல் நிற்கும்.

எண்கள் ஏற்கெனவே இடம் மாறி, பதிவுகள் கலந்துவிட்ட பிறகு திருத்துவது தனி வேலை. ஒவ்வொரு பதிவையும் எந்தப் பதிப்பு எழுதியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கைப்பேசிச் செயலிகளில் ஆளாளுக்கு வெவ்வேறு நாளில் புதுப்பிப்பார்கள் என்பதாலும், சேவையகங்களில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில மணி நேரம் சேர்ந்தே ஓடும் என்பதாலும் அது பெரும்பாலும் தெரியாது. அப்போது பதிவின் மற்ற பத்திகளைத்தான் கேட்க வேண்டும். நம் செயலியில் 2016 ஏப்ரலுக்கு முந்தைய தேதியுள்ள 6 மாகடி ரோடுதான். கப்பன் பார்க் அன்று திறந்திருக்கவில்லை. அதற்குப் பிந்தைய தேதியில், பையப்பனஹள்ளியில் ஏறி 6இல் இறங்கிய பயணமானால் கட்டணத்தைப் பார்க்கலாம். கப்பன் பார்க்குக்கு ஆகும் தொகையும் மாகடி ரோடுக்கு ஆகும் தொகையும் வேறு. 6இல் ஏறி 7இல் இறங்கிய பயணமானால், அது கப்பன் பார்க்கிலிருந்து விதான சௌதாவா, மாகடி ரோடிலிருந்து ஹொசஹள்ளியா என்று கட்டணமும் சொல்லாது. இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள், இரண்டுக்கும் குறைந்தபட்சக் கட்டணமே. அந்தப் பதிவுகளை ‘தெரியவில்லை’ என்று மாற்றிவிட்டு நகர வேண்டியதுதான், அப்படி ஓர் உறுப்பை எனத்தில் வைத்திருந்தால்.